5.38-ஆ, 4.88-ஆ? பழைய ஜீப்புக்கு ஏற்ற கிரவுன்–பினியன் எது?

மூன்றே கியர் உள்ள பழைய பெட்ரோல் ஜீப்பை நெடுஞ்சாலையில் 60-க்கு மேல் விரட்டியவர்களுக்கு அந்த இரைச்சல் பழக்கம். இன்ஜின் கத்தும், வண்டி போகாது. பட்டறையில் கேட்டால் உடனே பதில் வரும்: “கிரவுன் செட்டை மாத்திடுங்க சார், 80-ல நிம்மதியா போகலாம்.” இதில் பாதி உண்மை. மீதிப் பாதி மலை ஏறும்போதுதான் தெரியும். சிஜே-3பி வகை மகிந்திரா ஜீப்புகளை வேறு வேறு பல் விகிதத்தில், சமவெளியிலும் மலைப்பாதையிலும் ஓட்டிப் பார்த்த பிறகு எழுதும் விமர்சனம் இது.

எண்ணின் பொருள்

5.38 என்றால், இன்ஜினிலிருந்து வரும் ஷாஃப்ட் 5.38 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். அந்த ஷாஃப்டின் முனையில் உள்ள டெயில் பினியனில் 8 பல், அது சுழற்றும் அச்சின் கிரவுன் வீலில் 43 பல். 4.88 செட்டில் 8-க்கு 39. 4.27 செட்டில் 11-க்கு 47. 3.73 செட்டில் 11-க்கு 41. எண் பெரிதானால் இழுவை கூடும், வேகம் குறையும்.

தயாரித்தவர்களே இரண்டு விதமாகத்தான் யோசித்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸ் எம்பி ஜீப்புக்கு 4.88. ராணுவத்துக்குச் சாலையில் வேகமும் வேண்டியிருந்தது. 1945-ல் உழவர்களுக்காக வந்த சிஜே-2ஏ ஜீப்புக்கு 5.38. டிரான்ஸ்பர் கேஸின் லோ விகிதத்தையும் 1.97-லிருந்து 2.46 ஆக்கினார்கள், ஏர் இழுக்க வேண்டுமே! 1953-ல் வந்த சிஜே-3பி அந்த வழியில் வந்த வண்டி. அமெரிக்காவில் அதன் தயாரிப்பு நின்ற பிறகும் மகிந்திரா அதைப் பல ஆண்டுகள் நம் நாட்டில் செய்துவந்தது. நம் ஊர்ப் பழைய ஜீப்புகள் பலவற்றில் 5.38 இருப்பதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் வண்டியில் எது?

ஆர்.சி. புத்தகத்தில் இது இருக்காது. கை மாறி வந்த வண்டியில் முந்தைய உரிமையாளர் எதைப் போட்டார் என்றும் சொல்ல முடியாது. ஹவுசிங்கைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். சமதரையில் முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். கியரையும் டிரான்ஸ்பர் கேஸையும் நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுங்கள். ஷாஃப்டிலும் டயரிலும் சாக்பீஸால் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். மற்ற சக்கரம் தரையில் நிற்பதால், இந்த இரண்டு சுற்றுக்குக் கிரவுன் வீல் ஒரு சுற்றுதான் சுற்றும். ஷாஃப்ட் ஐந்து சுற்று முடித்து, இன்னும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகப் போனால் 5.38. ஐந்து சுற்று முழுமையாக நிறையாமல் கொஞ்சம் முன்பே நின்றால் 4.88. முன்னச்சிலும் இதைச் செய்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

நெடுஞ்சாலையில்

6.00-16 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் உருளும். டாப் கியரில் 80 கி.மீ. வேகத்துக்கு 5.38 செட்டில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,260 சுற்று சுற்ற வேண்டும். 4.88-ல் 2,960, 4.27-ல் 2,590, 3.73-ல் 2,260.

ஓட்டும்போது இந்த வித்தியாசம் காதுக்கு நன்றாகத் தெரிகிறது. 5.38 வண்டியில் 65-ஐத் தாண்டியதும் பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருக்கிறது. 4.88-ல் அதே நிலை 70-ஐத் தாண்டிய பிறகுதான் வருகிறது. 4.27-ல் 80 வரை நிம்மதி. ஆனால் எதிர்க்காற்றிலும் பாலத்து ஏற்றத்திலும் பெட்ரோல் இன்ஜின் திணறி, இரண்டாவது கியரைக் கேட்கிறது. மூன்றே கியர் உள்ள பெட்டியில் டாப்புக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி பெரிது. இறக்கினால் இன்ஜின் அலறும், இறக்காவிட்டால் வேகம் விழும். 3.73 போட்ட பெட்ரோல் ஜீப்பில் டாப் கியர் சமதரையில் மட்டுமே பயன்படுகிறது.

மலையில்

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதைவிட இறங்குவதில்தான் பல் விகிதத்தின் அருமை தெரிகிறது. இரண்டாவது கியரில் 25 கி.மீ. வேகத்தில் இறங்கும்போது 5.38 வண்டியின் இன்ஜின் ஏறத்தாழ 1,580 சுற்றில் நின்று வண்டியைப் பிடித்து வைக்கிறது. கால் பிரேக்கைத் தேடுவதே இல்லை. அதே வேகத்தில் 3.73 என்றால் 1,100 சுற்றுதான். பிடிப்பு போதாது, பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள பழைய ஜீப்பில், டிரம் சூடேறிப் பிரேக் மங்குவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் கல்பாதை இன்னொரு பாடம். உச்சி 2,000 மீட்டருக்கும் மேல். அந்த உயரத்தில் கார்புரேட்டர் பெட்ரோல் இன்ஜின் தன் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். 5.38-லிருந்து 4.27-க்கு மாறினால் சக்கரத்துக்குப் போகும் இழுவையிலும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். இரண்டு இழப்பும் ஒரே இடத்தில் சேர்ந்தால் கிளட்ச்தான் விலை கொடுக்கும்.

லோவில் முதல் கியர் போட்டால் 5.38 வண்டியின் மொத்த விகிதம் 37. ஐடிலிங்கில் மணிக்கு மூன்று கி.மீ.க்கும் குறைவாக, கல்லுக்குக் கல் சக்கரத்தை வைத்து ஏறலாம். 4.88-ல் இது 33.6, சற்றே வேகம் கூடினாலும் கட்டுப்பாடு போவதில்லை. 3.73-ல் 25.7-தான். கல்லில் ஏறும்போது கிளட்சைப் பாதி மிதித்தபடி ஓட்ட வேண்டியிருக்கிறது.

முதலில் டயரை முடிவு செய்யுங்கள்

பலர் மறந்துவிடுவது இதைத்தான். 28 அங்குல டயரைக் கழற்றி 31 அங்குலம் போட்டால், பல்லைத் தொடாமலே விகிதம் மாறிவிடும். 5.38 வண்டி கிட்டத்தட்ட 4.88 போல ஓடும். 4.88 வண்டிக்கு அதே டயர் போட்டுப் பழைய இழுவை வேண்டுமென்றால் 5.38-க்குத்தான் போக வேண்டும். அதனால் டயரும் இன்ஜினும் உறுதியான பிறகே கிரவுன் செட்டுக்குக் காசு கொடுங்கள்.

மாட்டும்போது

விகிதத்தை மாற்றினால் முன், பின் இரண்டு அச்சிலும் மாற்ற வேண்டும். ஒன்றில் மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீல் போட்டால் ஷாஃப்டுகள் ஒன்றையொன்று முறுக்கும். கெட்டித் தரையில் ஏதாவது ஒன்று உடையும்.

கிரவுனும் பினியனும் சேர்த்தே தேய்த்துப் பொருத்தப்பட்ட ஜோடி. இரண்டிலும் பொறித்த எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறு வேறு செட்டிலிருந்து சேர்த்தால் அச்சு ஊளையிடும். டேனா 44 வகைப் பின்னச்சில் 5.38, 4.88, 4.27 ஆகியவை ஒரே கேரியரில் உட்காரும். 3.73-க்குக் கேரியரே வேறு. பல் இடைவெளி 0.15 முதல் 0.25 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பல்லில் நீல மை தடவிச் சுற்றினால், மைத்தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் ஷிம் மாற்றி மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த இரண்டு சோதனையையும் உங்கள் கண்ணெதிரே செய்யாத பட்டறையில் வேலையைக் கொடுக்காதீர்கள். ஜிஎல்-5 ஆயில் ஊற்றி, தொடக்கத்தில் சிறிது தூரம் மெதுவாக ஓட்டி, ஹவுசிங் ஆறிய பிறகு மறுபடி ஓட்டுங்கள்.

ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லத் தொடங்கும். 5.38-லிருந்து 4.27-க்கு மாறிய வண்டி உண்மையில் 80-ல் ஓடும்போது மீட்டர் 63-ஐத்தான் காட்டும். மீட்டர் கியரைச் சேர்த்து மாற்றுவது கட்டாயம்.

முடிவு

அச்சில் பல்லை மாற்றினால் எல்லாக் கியரிலிருந்தும் இழுவை குறைகிறது, லோவிலிருந்தும். அதற்குப் பதிலாகச் சேர்க்கும் ஐந்தாவது கியரோ ஓவர்டிரைவோ மேல்வேகத்தை மட்டும் தொடுகிறது. ஐந்தாவது கியர் 0.8 உள்ள பெட்டியை 5.38 அச்சோடு சேர்த்தால் நெடுஞ்சாலையில் 4.30 கிடைக்கும், மலையில் 5.38 அப்படியே இருக்கும். செலவு கூடுதல்தான், ஆனால் இரண்டு உலகமும் வேண்டுவோருக்குச் சரியான வழி இதுவே.

மூன்று கியர் பெட்ரோல் ஜீப், எஸ்டேட், மலைப்பாதை என்றால் 5.38-ஐத் தொடாதீர்கள். பாதி ஊர்ச்சாலை, பாதி மலை என்றால் 4.88. என் தேர்வும் அதுதான். குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவை தரும் டீசல் இன்ஜின் ஏறியிருந்தால் மட்டும் 4.27. பெட்ரோல் ஜீப்புக்கு 3.73 வேண்டாம்.