கறுப்பு வளையங்களை எண்ணிப் பாருங்கள்

லேப்டாப்பில் வெளி மைக்கைச் செருகியும் ஒலி சரியாகப் பதிவாகவில்லையா? மைக்கைச் சந்தேகிக்கும் முன் அதன் பின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். உலோகத் தண்டில் எத்தனை கறுப்பு வளையங்கள் இருக்கின்றன? பாதிச் சிக்கலுக்கு விடை அங்கேயே இருக்கிறது.

வெளி மைக்குகளை லேப்டாப்பில் செருகிச் சோதித்துப் பார்க்க நான் பொன்முடி மலையைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாகக் கல்லாறு வந்து, 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சுமார் 1,100 மீட்டர் உயரம். காற்று, மூடுபனி, பூச்சிகளின் இரைச்சல், ஓடைச் சத்தம் எல்லாம் சேர்ந்து மைக்கைப் பாடாய்ப் படுத்தும் இடம். விடியற்காலையில் ஓடையோரம் மனிதர் சீட்டியடிப்பதுபோலவே பாடும் சீகாரப் பூங்குருவி இங்கே உண்டு. 2005-ல் விவரிக்கப்பட்ட ஒரு புதர்த்தவளை இனத்துக்கு இந்த மலையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இந்த ஒலிகளைப் பதிந்து, சீனோ-காண்டோ போன்ற பறவையொலிக் களஞ்சியங்களுக்கு அனுப்ப ஆசைப்படும் இளைஞர்கள் பலரிடம் இருப்பது ஒரு சின்ன லேப்டாப்பும் எளிய மைக்கும்தான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் கொண்டுபோனது 11 அங்குலத் திரை லேப்டாப். உள்ளே விசிறி கிடையாது. மைக் பக்கத்தில் இருக்கும்போது இது பெரிய வசதி. ஆனால் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து 3.5 மி.மீ. துளை ஒன்றே ஒன்று. 2007-ல் வந்த ஏழு அங்குல ஏசஸ் ஈ பீசியில்கூட இரண்டுக்கும் தனித்தனித் துளை இருந்தது. உடல் மெலிய மெலிய, துளைகளும் குறைந்துவிட்டன.

இந்த ஒற்றைத் துளை, செல்போன் ஹெட்செட்டின் மூன்று வளையப் பின்னுக்காகச் செய்யப்பட்டது. பின்னின் நுனி இடக்காதுக்கு, அடுத்த பகுதி வலக்காதுக்கு, அதற்கடுத்தது எர்த், அடிப்பகுதி மைக். கேமராவுக்கான மைக்குகளிலோ இரண்டு வளையம்தான். அவற்றில் மைக்கின் ஒலி நுனியில் வருகிறது, அடிப்பகுதி முழுக்க எர்த். அதை இங்கே செருகினால் ஒலி ஹெட்போன் பக்கம் போய் முட்டி நிற்கும். லேப்டாப்பின் மைக் தொடுமுனை எர்த்தோடு சேர்ந்துவிடும். ஹெட்போன் மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, கணினி தன் சொந்த மைக்கிலேயே பதிவைத் தொடரும். திரையில் அளவுக்கோடு ஆடுவதால் எல்லாம் சரி என்றே தோன்றும். ஆகவே வெளி மைக்கை நகத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கோடு துள்ளி எழுந்தால்தான் அந்த மைக் பேசுகிறது.

யூடியூபர்களின் சட்டைக் காலரில் அடிக்கடி காணும் போயா பிஒய்-எம்1 மைக்குக்கு மூன்று வளையப் பின்; நேரே செருகலாம். அதிலுள்ள சுவிட்ச் ஸ்மார்ட்போன் பக்கம் இருக்க வேண்டும். ஆறு மீட்டர் கம்பி இருப்பதால் மைக்கைப் புதரோரம் வைத்துவிட்டு நாம் தள்ளி உட்காரலாம். எல்லாத் திசை ஒலியையும் வாங்கும் மைக் என்பதால் ஓடைச் சத்தமும் கூடவே வரும். ரோடு வீடியோமைக்ரோ முன்பக்க ஒலிக்கே முதலிடம் தருகிறது; பறவைக்கு அது மேல். ஆனால் அதன் பின்னில் இரண்டு வளையம். அதை மூன்று வளையமாக்கும் எஸ்சி4 போன்ற சிறு மாற்றி வேண்டும். முடியடர்ந்த காற்றுறையையும் கழற்றாதீர்கள். பொன்முடிக் காற்றுக்கு வெறும் ஸ்பாஞ்சு உறை போதாது.

இருந்தும், நான் பரிந்துரைப்பது லேப்டாப்பின் துளையை அல்ல. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், மைக்குக்குத் தனித் துளை உள்ள யு.எஸ்.பி. சவுண்ட் கார்டை வாங்குங்கள். பெரும்பாலும் டிரைவர் தேவைப்படாது, மாற்றியும் வேண்டாம். மெல்லிய 'ஸ்ஸ்' இரைச்சல் இதிலும் உண்டு. ஆனால் உள்ளே கணினி உழைக்கும்போதெல்லாம் எழும் கீச்சொலி பதிவில் ஏறாது. அதுவே போட்ட பணத்துக்கு ஈடு. மேடைப் பாடகர்கள் பிடிக்கும் ஷ்யூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்குகளின் ஒலி மிக மெல்லியது. அவற்றுக்கு ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ மாதிரியான இன்டர்பேஸ்தான் வழி.

இனி மென்பொருள். விண்டோஸ் சவுண்ட் அமைப்பில் சரியான இன்புட்டைத் தேர்ந்த கையோடு 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' வசதியை அணைத்துவிடுங்கள். இரைச்சலைக் குறைக்கும் இந்த ஏற்பாடு மனிதக் குரலுக்காக உருவானது. நீண்டு ஒலிக்கும் சில்வண்டையும் சீட்டியையும் அது குப்பையென்று தள்ளிவிடக்கூடும். காட்டின் ஒலியைப் பதியப் போனவருக்கு இதைவிடப் பெரிய இழப்பில்லை. மைக் பூஸ்ட்டை 30 டெசிபெல் ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்தே ஏறும். மைக்கை நெருக்கி வைப்பதே நல்லது. பதிவு மென்பொருளான ஆடாசிட்டியில் 48,000 ஹெர்ட்ஸ், மோனோ போதும். உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபெல் அருகே நிற்கட்டும். அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் ஒலி ஓடினால் சார்ஜரைக் கழற்றுங்கள். பெரும்பாலும் அது நின்றுவிடும்.

ஈரம் பட்டால் மைக் படபடவென்று பொரியும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட, காற்றுப் புகாத பையில் வையுங்கள். மலையில் குளிர்ந்த கருவிமீது கீழே இருக்கும் வெப்ப ஈரக்காற்று பட்டால் நீர் கோக்கும். ஆகவே கல்லாறு வந்ததும் பதிவைக் கேட்கும் ஆவலில் பையைப் பிரிக்காதீர்கள். ஊர் போய்ச் சேரும்வரை அது மூடியே இருக்கட்டும்.