பயன் உண்டு, விலை இல்லை: ஜப்பானியச் சிண்டோகு கருவிகளில் நுகர்வு எள்ளல்

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானின் விந்தைக் கருவிகள் என ஊடகங்கள் வேடிக்கையாகத் தொகுத்துக் காட்டுபவற்றுள் சிண்டோகு என்னும் வகை தனித்து ஆராயத்தக்கது. அதனைப் பயனற்ற பொருள்களின் நகைச்சுவைத் தொகுப்பாகக் கொள்வதே பொதுவான வாசிப்பாக உள்ளது. அவ்வாசிப்பு பொருந்தாது என்றும், சிண்டோகுவைப் பிற விந்தைப் பொருள்களிலிருந்து பிரிப்பது பயனின்மை அன்று, விலையின்மையே என்றும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. சிண்டோகுவின் பத்து விதிகளும், சில கருவிகளும், பின்னாளில் சந்தைப் பொருளான செல்ஃபி குச்சியும் இதற்குச் சான்றுகளாகின்றன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் நகையின் நிலைக்களன்கள் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சிண்டோகு, கென்ஜி கவகாமி, நுகர்வுப் பண்பாடு, எள்ளல், மெய்ப்பாட்டியல், செல்ஃபி குச்சி.

முன்னுரை

ஒரு நாட்டின் அன்றாடப் பொருள்களை விந்தை எனப் பெயரிட்டு நகைப்பது எளிது. அந்நகைப்பு எதனைச் சுட்டுகிறது என வினவுவதே திறனாய்வின் பணி. ஜப்பானிய வெகுமக்கள் பண்பாடு இவ்வகை நகைப்புக்கு நெடுங்காலமாக ஆட்பட்டு வந்துள்ளது. விளையாட்டுப் பொருளும் ஆய்வுக்கூடப் பொருளும் கேலிப் பொருளும் வேறுபாடின்றி ஒரே பட்டியலில் வைக்கப்படுகின்றன. அப்பட்டியலில் தவறாது இடம்பெறும் சிண்டோகு, உண்மையில் அப்பட்டியலையே கேள்விக்குட்படுத்தும் தன்மையுடையது.

பெயரும் பிறப்பும்

ஜப்பானிய மொழியில் ‘சின்’ என்பது அரிய, விந்தையான என்றும், ‘டோகு’ என்பது கருவி என்றும் பொருள்படும். இச்சொற்சேர்க்கையைப் பரப்பியவர் கென்ஜி கவகாமி. இவர் அஞ்சல்வழி விற்பனைக்குரிய பொருள்களை அறிமுகப்படுத்தும் ஓர் இதழின் ஆசிரியராக இருந்தவர். அவ்விதழில் எஞ்சிய பக்கங்களை நிரப்பத் தாமே உருவாக்கிய சில கருவிகளின் படங்களை வெளியிட்டார். கண்ணில் மருந்து ஊற்றுவதற்காகக் கண்ணாடிச் சட்டத்தில் புனல்களைப் பொருத்திய கருவியும், சூரிய ஒளி இருக்கும்போது மட்டுமே எரியும் கைவிளக்கும் அவற்றுள் அடங்கும். பின்னர் ‘டோக்கியோ ஜர்னல்’ என்னும் ஆங்கில இதழின் வழியாக டான் பாபியா இவற்றைப் பிறநாட்டு வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தினார். 1995இல் நூற்றொரு கருவிகளைக் கொண்ட ஆங்கில நூலும் வெளிவந்தது.

பிறந்த இடம் இங்கு முதன்மையானது. சிண்டோகு கலைக்கூடத்திலோ கேலிச்சித்திரப் பக்கத்திலோ தோன்றவில்லை. விற்பனைப் பட்டியலுக்குள்ளேயே தோன்றியது. முன்பக்கங்களில் விலையுடன் கூடிய பொருள்கள். பின்பக்கத்தில் அதே வகைப் படம், அதே வகை விளக்கம், ஆனால் வாங்க இயலாத பொருள். விற்பனைப் பட்டியலின் மொழியைக் கொண்டே அப்பட்டியலை எள்ளும் வடிவம் இவ்வாறு உருவாயிற்று.

பத்து விதிகள்

சிண்டோகுவுக்குப் பத்து விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றின் சாரம் வருமாறு: கருவி மெய்யான பயன்பாட்டுக்குரியதாக இருத்தல் கூடாது, ஆயினும் அது கற்பனையாக நில்லாமல் செய்து முடிக்கப்பட்டிருக்க வேண்டும், கட்டற்ற தன்மை அதனுள் இயல்பாக இருத்தல் வேண்டும், அன்றாட வாழ்வுக்குரியதாகவும் எங்கும் புரிந்துகொள்ளத்தக்கதாகவும் அமைய வேண்டும், விற்பனைக்கு உரியதன்று, நகைச்சுவை மட்டுமே அதன் நோக்கமாகாது, பரப்புரைக் கருவியாகாது, ஆபாசத்துக்கும் இழிந்த கேலிக்கும் இடமில்லை, காப்புரிமை பெறுதல் கூடாது, இன, மத, பால், பொருளாதார வேறுபாடு எதற்கும் சார்பாக இருத்தல் கூடாது.

இவற்றுள் முதல் இரு விதிகளும் ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றும். பயன்படுத்தக் கூடாத பொருளை ஏன் செய்து முடிக்க வேண்டும்? விடை எளிது. செய்யாமல் விட்டால் அது வெறும் கருத்து. செய்தபின் அது ஒரு பொருள். பொருளாக நின்றபின் அதனை விற்க மறுப்பது ஒரு செயலாகிறது. விற்கத்தக்க ஒன்று கையில் இருந்தால்தான் விற்க மறுப்பதற்குப் பொருள் உண்டு. வேடிக்கைக்காகக்கூட விற்கலாகாது என ஐந்தாம் விதி வற்புறுத்துவதும், ஒன்பதாம் விதி உடைமை உரிமையை விலக்குவதும் இந்நோக்கில் ஒன்றையொன்று நிறைவுசெய்கின்றன.

ஆங்கில நூல்களில் சிண்டோகு, ‘பயனற்றதல்லாத’ கருவி எனப் பொருள்படும் ஒரு சொல்லால் குறிக்கப்பட்டது. இரண்டு எதிர்மறை ஓர் உடன்பாட்டைத் தரும் என்பது இலக்கண வழக்கு. இங்கோ அவ்விரண்டும் உடன்பாட்டில் சென்று முடிவதில்லை. கருவி தான் சொன்ன வேலையைச் செய்கிறது, ஆதலால் பயனற்றதன்று. அவ்வேலையைச் செய்ய அது புதிதாக உண்டாக்கும் தொல்லை, தீர்த்த தொல்லையை விடப் பெரிது. ஆதலால் பயனுள்ளதும் அன்று.

கருவிகள் காட்டும் வாழ்க்கை

சிண்டோகு கருவிகள் ஜப்பானிய நகர வாழ்வின் நெருக்கடிகளிலிருந்து பிறந்தவை. தொடர்வண்டியில் உறங்கிச் செல்லும் பயணிக்கான தலைக்கவசம் ஒன்று உண்டு. அதன் பின்புறத்திலுள்ள உறிஞ்சுகிண்ணம் தலையை வண்டியின் சன்னலோடு ஒட்டி நிறுத்தும். இறங்க வேண்டிய நிலையத்தில் எழுப்புமாறு பிறரை வேண்டும் அட்டை முன்புறத்தில் இருக்கும். உறக்கத்தையும் வண்டியிலேயே முடித்துக்கொள்ள வேண்டிய பணியாளரின் நிலையை இக்கருவி புள்ளிவிவரம் ஏதுமின்றிப் புலப்படுத்துகிறது. தலையில் கழிவறைத் தாள் சுருளைச் சுமக்கும் மற்றொரு கருவி மூக்கொழுகும் ஒவ்வாமைக்கானது. போருக்குப்பின் பெருமளவில் நடப்பட்ட சுகி மரங்களின் மகரந்தத்தால் இளவேனிலில் ஜப்பானியர் பலர் துன்புறுவது இதன் பின்னணி.

தவழும் குழந்தையின் உடையில் துடைப்ப இழைகளைத் தைத்துத் தரையைத் துடைக்கச் செய்யும் கருவியும், பூனையின் பாதங்களுக்குரிய துடைப்பக் காலணியும் மேலும் கூர்மையானவை. குழந்தையின் தவழலும் பூனையின் நடையும் வேலையாக மாற்றப்படாமல் வீணாகின்றன என்னும் கணக்குப் பார்வையை இவை அதன் இறுதி எல்லைவரை கொண்டுசெல்கின்றன. கருவி நகைப்புக்குரியதாகத் தோன்றினாலும், நகைப்புக்கு உள்ளாவது எந்நொடியும் பயன்தர வேண்டும் என்னும் கொள்கையே.

நகையின் நிலைக்களன்

மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கைக் கூறும். சிண்டோகுவைக் காண்போர் முதலில் கொள்வது பேதைமை பற்றிய நகையாகும். இத்தகைய கருவியைச் செய்தவரின் அறியாமையை எண்ணி நகைக்கின்றனர். ‘விந்தை ஜப்பான்’ என்னும் பட்டியல்கள் இந்நிலையிலேயே நின்றுவிடுகின்றன.

எள்ளலைப் பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதல் எனப் பேராசிரியர் இருவகைப்படுத்துவார். சிண்டோகு இரண்டாம் வகையைச் சார்ந்தது. ஒவ்வொரு சிறு தொல்லைக்கும் ஒரு பொருளை வாங்கித் தீர்வு காணும் பழக்கமுடைய வாசகரே அதன் எள்ளலுக்கு இலக்கு. செய்தவரை நோக்கி நகைக்கத் தொடங்கிய வாசகர், தம் வீட்டு அலமாரியில் உறங்கும் கருவிகளை நினைவுகூரும்போது தம்மையே நகைத்துக்கொள்கிறார். இவ்விடமாற்றமே சிண்டோகுவின் கலைப்பயன்.

செல்ஃபி குச்சி: எல்லை மாறிய கருவி

பயனின்மையே சிண்டோகுவின் இலக்கணம் என்பாருக்கு இரு சான்றுகள் மறுப்பாக அமைகின்றன. ஒன்று, பயனின்மைக்குச் சந்தையில் தடையேதும் இல்லை. பண்டாய் நிறுவனம் 2007இல் வெளியிட்ட முகென் புச்சி புச்சி, பொதியுறையின் காற்றுக்குமிழ்களை உடைக்கும் உணர்வை முடிவின்றித் தரும் சிறு பொருள். குமிழ் உடைக்கும் இன்பமன்றி வேறு பயன் அதற்கில்லை. அந்நிறுவனமே 1996இல் வெளியிட்ட தமகோச்சி, திரையிலுள்ள உயிருக்கு உணவூட்டி வளர்க்கச் செய்தது. அதனை உருவாக்கிய இருவருக்கு 1997இல் பொருளாதாரத்துக்கான இக் நோபல் என்னும் நகைப்பரிசு வழங்கப்பட்டது. பல மில்லியன் மணிநேர உழைப்பை அது திசைதிருப்பியதே பரிசுக்குச் சொல்லப்பட்ட காரணம். பயனற்றவை எனத்தக்க இவை விற்கப்பட்டன. ஆதலால் சிண்டோகு ஆகா.

மற்றொன்று, செல்ஃபி குச்சி. மினோல்டா நிறுவனப் பொறியாளர் ஹிரோஷி உவேடா, ஒளிப்படக் கருவியை நுனியில் தாங்கும் நீட்டுகோலை 1980களின் தொடக்கத்திலேயே உருவாக்கிக் காப்புரிமையும் பெற்றார், பொருள் விலைபோகவில்லை. 1995இல் கவகாமியின் நூல் அத்தகைய கோலொன்றைச் சிண்டோகுவாகக் காட்டியது. 2014இல் ‘டைம்’ இதழ் செல்ஃபி குச்சியை அவ்வாண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்றாக அறிவித்தது. விற்பனைப் பொருளாகத் தோற்ற கோல், கேலிப் பொருளாகி, மீண்டும் விற்பனைப் பொருளாக வென்றது. மூன்று நிலைகளிலும் கோலின் அமைப்பு பெரிதாக மாறவில்லை. அதனைச் சூழ்ந்த சந்தையே மாறியது. ஆகவே சிண்டோகு என்பது பொருளின் இயல்பு அன்று; பொருளை விலையிலிருந்து விலக்கி நிறுத்தும் முடிவின் பெயர்.

சிண்டோகுவின் முரண்கள்

இவ்விலக்கல் முழுமையானதன்று என்பதும் சுட்டத்தக்கது. கருவி விற்கப்படவில்லை, கருவியின் படங்களைக் கொண்ட நூல் விற்கப்பட்டது. காட்சிப்படுத்தலும் ஒருவகை விற்பனையே என்னும் காலத்தில் இவ்வேறுபாடு மெலிந்துவிடுகிறது. கட்டற்ற தன்மையைப் பத்துக் கட்டளைகளால் காக்க முனைவதும் முரணே. பரப்புரையை விலக்கும் ஏழாம் விதி, எள்ளலின் இலக்கைப் பெயர்சொல்லிச் சுட்டவியலாமல் செய்கிறது; அதனாலேயே எள்ளலை எளிதில் வேடிக்கையாகக் கொள்ளவும் இடமளிக்கிறது. குழந்தைத் துடைப்ப உடை பின்னாளில் மேலைநாட்டில் விற்பனைக்கே வந்தது இதன் விளைவு. எள்ளப்பட்ட சந்தை, எள்ளலையும் ஒரு புதுச்சரக்காகக் கொண்டது.

எனினும் இம்முரண்கள் விதிகளைப் பொய்யாக்கவில்லை. விலக்கு இல்லாத இடத்தில் மீறலும் இல்லை. குழந்தைத் துடைப்ப உடை விற்கப்பட்டபோது எது இழக்கப்பட்டது என்பதைச் சொல்ல ஐந்தாம் விதியே உதவுகிறது.

முடிவுரை

சிண்டோகுவைப் பயனற்ற பொருளாகக் கொள்ளும் வாசிப்பு அதன் விதிகளோடும் வரலாற்றோடும் பொருந்தவில்லை. பயனற்றவை பல விற்கப்படுகின்றன. சிண்டோகுவாகக் காட்டப்பட்ட கோல் உலகெங்கும் பயன்படுகிறது. பயனுக்கும் விலைக்கும் இடையில் இயல்பான உறவு இருப்பதாகக் கொள்ளும் நம்பிக்கையையே சிண்டோகு அசைக்கிறது. அது எழுப்பும் நகை செய்தவரின் பேதைமை பற்றியதன்று. எள்ளப்பட்ட நுகர்வோர் தம்மை நோக்கி நகும் நகை. அதனை ஜப்பானின் விந்தையாக மட்டும் காண்பவர், எள்ளலின் இலக்கு தாமே என்பதை அறியாமல் கடந்துபோகின்றனர்.