புகையிரத வாசிப்பு: வெருகற்கரையிலிருந்து ஒரு நோக்கு

வெருகலுக்குப் புகையிரதம் இல்லை. மகாவலியின் கிளையாகிய வெருகலாறு கடலோடு கலக்கும் அவ்வூர், திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையில் உள்ளது. அங்கிருந்து கொழும்புக்கோ பேராதனைக்கோ புறப்படுபவர் வடக்கே மூதூர் சென்று, கொட்டியாரக்குடாவைக் கடந்து, திருகோணமலையில் வண்டி ஏறலாம். அன்றித் தெற்கே வாகரை வழியாக வாழைச்சேனையை அடைந்து மட்டக்களப்பு வண்டியைப் பிடிக்கலாம். மட்டக்களப்பு-திருகோணமலை வீதியில் பாலங்கள் அமையுமுன் இவ்விரு வழிகளிலும் துறைக்குத் துறை 'பாதை'க்காகக் காத்துக்கிடத்தல் வேண்டியிருந்தது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. வெருகலிலும் ஏனைய துறைகளிலும் பாலங்கள் அதனையடுத்தே வந்தன. எனவே அப்பிரதேசத்துப் பிரயாணிக்குப் பயணம் என்பது நெடுங்காலம் ஒரே நீட்சியாக இருந்ததில்லை. அது துண்டு துண்டாக முறிந்து, இடையிடையே காத்திருத்தலால் நிரப்பப்பட்டதாகவே இருந்தது. பயணத்தின்போது வாசிப்பதற்கு உகந்த நூல் எது என்னும் வினாவை ஆராய்வதற்கு இம்முறிந்த பயணத்தைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை.

இவ்வினாவுக்குப் பெரும்பாலும் தரப்படும் விடை சோம்பல் மிக்கது. 'பொழுது போவதற்கு ஏதேனும் இலேசான கதை' என்பதே அது. இவ்விடைக்கு ஒரு வரலாறு உண்டு. 1848இல் இலண்டன் யூஸ்டன் நிலையத்தில் டபிள்யூ. எச். சிமித் நிறுவனம் தன் முதலாவது புகையிரத நிலையப் புத்தகக் கடையைத் திறந்தது. அடுத்த ஆண்டே றூட்லெட்ஜ் நிறுவனம் 'புகையிரத நூல்வரிசை'யை வெளியிடத் தொடங்கிற்று. இந்தியாவில் அலகபாத்தின் வீலர் நிறுவனம் 1888இல் கிப்ளிங்கின் கதைகளை ஒரு ரூபா விலையில் நிலையங்களில் விற்றது. மலிவு, கைக்கடக்கம், விறுவிறுப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தது புகையிரத நூல் என்னும் கருத்து இவ்வாறு வணிகத்தினின்று தோன்றிப் பின்னர் இலக்கியத் தீர்ப்பாகவே மாறிவிட்டது. விற்பவனுடைய அளவுகோலை வாசகன் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டான் என்பதே உண்மை. கிப்ளிங்கின் அக்கதைகளிற் சில இன்றும் வாசிக்கப்படுவதற்கு அவற்றின் விலை காரணமன்று என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நாள்தோறும் பருவச்சீட்டுடன் பயணம் செய்பவனின் நிலை யாது? வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு அவன் இருக்கும் நேரம் மிகக் குறுகியது. கம்பஹாவிலிருந்தோ வேயங்கொடையிலிருந்தோ வருபவனுக்கு அது சற்றுக் கூடலாம். சென்னையில் 1931 தொடக்கம் மின்சார வண்டி ஓடும் கடற்கரை-தாம்பரம் மார்க்கத்திலே ஏறத்தாழ ஒரு மணிநேரம் கிடைக்கிறது. இருக்கை கிடைப்பது நிச்சயமில்லை. ஒரு கை மேற்கம்பியைப் பற்றியிருக்க, மறு கையே நூலைத் தாங்கவேண்டும். பக்கத்தில் நிற்பவர் அரசியல் பேசுவார். கடலை விற்பவன் குறுக்கே வருவான். இறங்குமிடம் வந்ததும், வாக்கியத்தின் நடுவிலேனும், நூலை மூடியே ஆகவேண்டும். இத்தனைக்கும் அலுவலகமும் வீடும் தம் முழுப்பொழுதையும் விழுங்கிவிட்ட பல்லாயிரவருக்கு வாசிப்புக்கென எஞ்சியிருப்பது இவ்வொரு பொழுதே. அப்பொழுதுக்கு மட்டமான நூலே போதும் என்பது அவர்களை வாசகர் என்ற நிலையிலிருந்தே தள்ளிவைப்பதாகும். புகையிரத நூலின் தகுதி அதன் இலேசில் இல்லை. இடையில் முறிவதைத் தாங்குகின்றதா, முறிந்த இடத்திலிருந்து மீளத் தொடங்குகையில் வாசகனை ஏற்றுக்கொள்கின்றதா என்பதே அளவுகோலாதல் வேண்டும்.

இவ்வளவுகோலை வைத்து நோக்குமிடத்து முதலில் நிற்பது சிறுகதையே. தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' புகையிரதப் பெட்டிக்குள்ளேயே நிகழ்வது. தந்தையுடன் பயணம் செய்யும் சிறுவன் ஒருவன், வீட்டுவேலைக்காகக் கல்கத்தாவுக்குக் கொண்டுசெல்லப்படும் சிறுமி ஒருத்தியைக் காண்கிறான்; தான் உண்ணாமல் வைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தை அவளுக்குக் கொடுத்துவிடுகிறான். கதை இவ்வளவே. இதனை இரக்கத்தைப் பிழிந்தெடுக்கும் கதை என்று ஒதுக்குவோர் உளர். அவர்கள் கவனியாத ஒன்று உண்டு. அச்சிறுமியின் வாழ்வை மாற்றும் ஆற்றல் கதையில் வரும் எவருக்கும் இல்லை என்பதை ஜானகிராமன் மறைக்கவில்லை. பழம் கைமாறுகிறது, வண்டி நிற்கிறது, அவரவர் தத்தம் வழியிற் செல்கின்றனர். ஒருவரையொருவர் அறியாதோர் சிறிது நேரம் ஒரே இடத்தில் அடைபட்டிருந்து பின் பிரிதல் என்பது புகையிரதப் பெட்டியின் இயல்பு. அதுவே சிறுகதை வடிவத்தின் இயல்புமாகும். பெட்டிக்குள் இருந்து இக்கதையை வாசிப்பவன் தலைநிமிர்ந்து பார்த்தால் எதிர் இருக்கையில் அத்தகைய ஒரு சிறுமி இருத்தல் கூடும். அந்த அபாயமே இக்கதையின் வலிமை.

கு. அழகிரிசாமியின் 'குமாரபுரம் ஸ்டேஷன்' இதனோடு வைத்து வாசிக்கத்தக்கது. ஆளரவமற்ற வெளியில் நிற்கும் சின்னஞ்சிறு நிலையம் ஒன்று. உயர்பள்ளியிற் சேர்வதற்காகக் கோவில்பட்டிக்குப் போகும் கிராமத்துச் சிறுவர். அவர்களுடன் ஒரே வண்டியிற் செல்லும் கல்வியாளர் ஒருவர். ஜானகிராமன் ஒரே கணத்தை நோக்கிக் கதையைக் குவிக்க, அழகிரிசாமியோ கதையைப் பரவ விடுகிறார். பெட்டியிலுள்ள ஒவ்வொருவரும் அச்சிறுவர்க்கு ஏதோ ஒன்றைக் கற்பிக்கின்றனர். யாவரும் அதனை அறியாமலே செய்கின்றனர். உருக்கத்தில் முன்னது மிஞ்சினும், மறுவாசிப்பில் பின்னதே அதிகம் தருகிறது எனலாம். நடுவில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தாலும் அதற்குச் சேதமில்லை.

இங்கே தொடர்கதை பற்றி ஒன்று கூறல் அவசியம். 1950 தொடக்கம் 1954 வரை 'கல்கி' வார இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' முறிவதற்கென்றே எழுதப்பட்டது. எனவே அதுவே தலைசிறந்த புகையிரத நூல் என்று வாதிடலாம். வாதம் ஓரளவு செல்லும். ஆயினும் அங்கே முறிவு ஒரு தூண்டில் ஆகிவிடுகிறது. அடுத்து என்ன நிகழும் என்ற ஆவல், இப்போது நிகழ்வதைக் கவனிக்க விடுவதில்லை. வாசகன் இழுத்துச் செல்லப்படுகிறான். ஐந்து பாகங்களையும் இவ்வாறு கடந்து முடித்தவரிடம் எந்த ஒரு பக்கத்தைப் பற்றியேனும் கேட்டால், நிகழ்ச்சியைச் சொல்வாரேயன்றிப் பக்கத்தைச் சொல்லார்.

இதற்கு எதிர்நிலையில் எஸ். பொன்னுத்துரையின் 'சடங்கு' நிற்கின்றது. அதுவும் தொடராக, 1966இல் 'சுதந்திரன்' பத்திரிகையில், வெளிவந்ததே. கொழும்பில் எழுதுவினைஞனாக இருக்கும் செந்தில்நாதன் மனைவியை நாடி யாழ்ப்பாணத்து வீட்டுக்குப் போகிறான். சில நாள் விடுப்பும் வீட்டுக் கருமங்களாலும் உறவினராலும் உண்ணப்பட்டுப்போக, வந்த நோக்கம் நிறைவேறாமலே திரும்புகிறான். கதையில் மர்மமும் இல்லை, தொங்கவிடும் முடிவும் இல்லை. எந்த இடத்தில் மூடினாலும் செந்தில்நாதன் அதே ஏக்கத்துடன் அங்கேயே நிற்பான். பாலுணர்வை வெளிப்படையாகக் கையாண்டதற்காக இந்நாவல் பட்ட வசைகள் பல. எனினும் உழைப்பு ஓரிடத்திலும் குடும்பம் ஓரிடத்திலுமாகப் பிளவுண்ட ஈழத்துத் தமிழ் நடுத்தர வாழ்வை, அதன் புகையிரத அட்டவணையோடு சேர்த்து, இவ்வளவு நுணுக்கமாகப் பதிந்த பிறிதொரு நாவலைக் காட்டல் அரிது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990இல் யாழ்ப்பாணம் செல்வது நின்று, 2014இலேயே மீண்டும் அங்கு சென்றது. செந்தில்நாதன் சலித்துக்கொண்டே போய்வந்த அந்தப் பாதை இருபத்துநான்கு ஆண்டுகள் இல்லாமற்போயிற்று என்பதை அறிந்து வாசிக்கும்போது அவனுடைய சலிப்பே ஒரு செல்வமாகத் தோன்றுகிறது. 2006இல் ஈச்சிலம்பற்று, வெருகற் பகுதி மக்கள் வாகரைக்கும் அப்பாலும் இடம்பெயர்ந்து சென்றதும் பயணமே. அதில் நூல்களைத் தூக்கிச் செல்ல எவருக்கும் கை இருந்திராது.

ஈழத்தில் றூட்லெட்ஜின் நூல்வரிசைக்கு ஒப்பாகச் சொல்லத்தக்க முயற்சி எழுபதுகளின் வீரகேசரிப் பிரசுரங்களே. இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட அக்காலத்தில், உள்ளூர் நாவல்கள் கைக்கடக்கமான மலிவுப் பதிப்புகளாக வெளிவந்தன. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யும் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்'றும் 1973இல் இவ்வாறே வாசகரை அடைந்தன. அவ்வரிசையில் வந்த யாவும் தரமானவை அல்ல; பல இன்று பெயரளவிலும் நினைக்கப்படுவதில்லை. ஆனால் தண்ணிமுறிப்பின் காட்டையும் நெடுந்தீவின் காற்றையும் கொழும்பு வண்டியில் நின்றபடி ஓர் எழுதுவினைஞன் வாசிக்க முடிந்தது என்பது சிறிய காரியமன்று. செங்கை ஆழியான் அதற்கு முன்னரே, 1969இல், எழுதிய 'ஆச்சி பயணம் போகிறாள்' நகைச்சுவைக்காகப் பரிந்துரைக்கப்படுவது. யாழ்ப்பாணத்துக் கிழவி ஒருத்தி கதிர்காமம் நோக்கிப் புறப்படும் கதை அது. சிரிப்பின் பெரும்பகுதி ஆச்சியின் அறியாமையின்மேல் ஏற்றப்படுவதால் சில இடங்கள் இன்று நெருடுகின்றன. அதனையும் மீறி ஆச்சியின் வாய்மொழி நூலைக் காப்பாற்றுகிறது.

வெருகலை அடுத்த மூதூரில் பிறந்து ஆசிரியராகப் பணியாற்றியவர் வ. அ. இராசரத்தினம் (1925-2001). அவருடைய 'தோணி' சிறுகதைத் தொகுதி 1962இல் வெளிவந்தது. தனக்கென ஒரு தோணி வேண்டுமென்று ஏங்கும் மீனவச் சிறுவனின் கதையாகிய 'தோணி'யைப் பாடநூலிற் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் அதனை மீண்டும் கையிலெடுப்பதில்லை. பரீட்சைக்காக வாசித்த கதை இறந்த கதை என்று கருதப்படுகிறது போலும். கொட்டியாரக்குடாவின் நீரையும் மணலையும் அறிந்தவர் எழுதிய சொற்சிக்கனம் அக்கதையில் உண்டு. ஏக்கம் என்பது வறுமையின் வேறொரு பெயர் என்பதை ஆசிரியர் கூறாமலே உணர வைக்கிறார். பரீட்சையிலிருந்து அதனை மீட்டெடுப்பதற்குப் புகையிரதமே தக்க இடம். அங்கே வினாக்கொத்து இல்லை.

திருகோணமலை தொடக்ககாலத் தமிழ் நாவலுக்கு அளித்தவையும் உள. இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' 1891இலும், தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' 1895இலும் வெளிவந்தன. முன்னது ஐரோப்பிய வீரக்கதை ஒன்றன் தழுவல். பின்னது தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப் போற்றப்படுவது. ஊர்ப்பற்றுக் காரணமாக இவற்றைப் பயணிக்குப் பரிந்துரைத்தல் தகாது. இவை மேசையில் வைத்து, தாளும் எழுதுகோலும் கொண்டு படிக்கவேண்டிய நூல்கள்.

செய்யுளை நாடுவோர்க்கு மஹாகவியின் 'குறும்பா' (1966) உண்டு. ஆங்கிலத்து ஐந்தடிச் சிரிப்புப் பாடலைத் தமிழ் யாப்புக்குள் கொணர்ந்து, ஊரின் போலிமைகளை எள்ளிய நூறு பாடல்கள். ஒரு தரிப்பிடத்துக்கும் அடுத்த தரிப்பிடத்துக்கும் இடையே இரண்டு மூன்றை முடிக்கலாம். ஆனால் அவசரமாக வாசிப்பவர் எள்ளலை மட்டும் பெற்று, அதன் அடியிலுள்ள கசப்பைத் தவறவிடுவர்.

கண்ணியாக எடுத்துக் கண்ணியாக நிறுத்தக்கூடிய பழைய வடிவம் ஒன்றும் இப்பிரதேசத்துக்கு உரியது. வெருகல் சித்திரவேலாயுத சுவாமியைத் தலைவனாகக் கொண்ட 'வெருகல் சித்திரவேலாயுதர் காதல்' என்னும் பிரபந்தத்தைப் பாடியவர் தம்பலகாமம் வீரக்கோன் முதலியார். பக்திப் பிரபந்தங்களைப் புகையிரதத்தில் வாசிப்பதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் அவை மௌனமாகப் பக்கம் புரட்டுதற்கென்று பிறந்தவை அல்ல. கூட்டத்தின் நடுவே, இரைச்சலின் நடுவே, விட்டும் தொட்டும் கேட்கப்படுதற்கு உரியவை. இன்றைய நாவலுக்கு வருத்தத்துடன் கிடைக்கும் பொறுமையை அவை இயல்பாகவே கொண்டுள்ளன.

இவற்றுட் பல இன்று கடைகளிற் கிடைப்பதில்லை என்ற குறை நியாயமானதே. 2005 தொடக்கம் இயங்கும் நூலகம் திட்டத்தின் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன; டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய 'மல்லிகை' இதழ்களையும் அங்கே காணலாம். ஒரு கையால் தாங்கவேண்டிய பிரயாணிக்குத் தொலைபேசி பாரமில்லாத நூலே. எனினும் பழைய பக்கத்தின் ஒளிப்படத்தைச் சிறு திரையில் இழுத்தும் பெருப்பித்தும் படிப்பது கண்ணை விரைவிற் களைக்கச் செய்யும். நாவலைவிடச் சஞ்சிகைச் சிறுகதையே இம்முறைக்கு ஏற்றது.

திருகோணமலையிலிருந்து கொழும்பு செல்லும் நெடுவண்டியிலோ கணக்கு வேறு. ஏறத்தாழ எட்டு மணிநேரம் கையிலிருக்கிறது. சீனக்குடா, தம்பலகாமம், கந்தளாய் கழிந்து கல்லோயாச் சந்திவரை வெளியே பார்க்கவேண்டிய வயலும் குளமும் காடும் உண்டு. அதுவரை நூல் மடியிலேயே கிடக்கலாம். சந்தி கடந்த பின் 'சடங்'கைத் தொடங்குபவர் கோட்டைக்கு வருமுன் அதனை முடித்துவிடுவார்.