கடிகாரம் என்ற பொய்

1996ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் மாலை, தில்லி லாஜ்பத் நகர்ச் சந்தையில் கார்க்குண்டு வெடித்துப் பதின்மூவர் மாண்டனர். வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிவுற்ற ஆண்டு 2023! அந்நிகழ்ச்சியை அடியாகக் கொண்டு கரண் மகாஜன் ஆங்கிலத்தில் எழுதிய புதினம் 'தி அசோசியேஷன் ஆஃப் ஸ்மால் பாம்ப்ஸ்' (2016).

பழுதுபார்க்கக் கொடுத்த தொலைக்காட்சிப் பெட்டியை வாங்கிவரச் சென்ற குரானா வீட்டுச் சிறுவர் இருவரும் மடிகின்றனர். தந்தையோ, கடிகாரம் வாங்கிவரப் போனார்கள் என்று நண்பர்களிடம் கூறுகிறார். பழைய பெட்டியைச் செப்பனிட்டு வைத்துக்கொள்ளும் பணமுடை வெளிப்பட்டுவிடுமே என்னும் நாணம். மக்களைப் பறிகொடுத்த வேளையிலும் மானம் பார்க்கும் நடுத்தர வகுப்பின் மனம் இந்தப் பொய்யில் முழுவதும் தெரிகிறது. பக்கம் பக்கமாகப் பாத்திரங்களைப் புலம்பவிடும் நம் கதாசிரியர்கள் இவ்விடத்தை ஊன்றிப் படிக்கலாம்.

உடன் சென்று உயிர் தப்பிய மன்சூரை, ஆண்டுகள் கடந்தும் மணிக்கட்டு வலி விடுவதில்லை. குண்டு வைத்தவனையும் ஆசிரியர் அரக்கனாக்காமல் மனிதனாகவே காட்டுகிறார். ஆயினும் பிற்பகுதியில் மன்சூரை இன்னொரு குண்டுவெடிப்போடு பிணைக்கும் முடிச்சு வலிந்து போடப்பட்டதாகும். அதுவரை இயல்பாக நடந்த கதைக்கு அது பொருந்தவில்லை.