கூம்பு ஒலிபெருக்கி

கூம்பு ஒலிபெருக்கியின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. அடியில் அதிரும் சிறு தகடு தனியாக அதிகம் காற்றை அசைக்க முடியாது. வாய் விரிந்த உலோகக் குழாய் அந்த அதிர்வை வெளிக்காற்றோடு இசைவாகச் சேர்த்துவிடுகிறது. அதனால் வால்வு பெருக்கி தரும் சில வாட் மின்திறனே மைதானத்துக்குப் போதும். மின்கம்பி எட்டாத ஊரிலும் பேட்டரியை வைத்து இயக்கலாம். அடித்தொனி குன்றும், குரல் சற்று மூக்கால் பேசுவது போல ஒலிக்கும். ஆனால் சொல் தெளிவாக விழும். பொதுக்கூட்டத்துக்கு வேண்டியது அதுதானே!

விடுதலைப் போராட்டக் காலக் கூட்டங்களில் இதன் அருமை தெரிந்தது. காந்தியின் குரல் மெல்லியது. பல்லாயிரம் பேர் திரண்டாலும் முன்வரிசைக்கு மட்டுமே அது எட்டியது. இக்குறையைத் தீர்க்க முனைந்தவர் சிந்து மாகாணத்தைச் சேர்ந்த மோட்வானே குடும்பத்தின் நானக் மோட்வானே. 1931 கராச்சி காங்கிரஸ் மாநாட்டில் இவர்களுடைய ‘சிகாகோ ரேடியோ’ நிறுவனம் ஒலிபெருக்கிகளை அமைத்தது. அக்காலத் தலைவர்களின் படங்கள் பலவற்றில், மைக்கின் மேல் ‘சிகாகோ’ என்ற பெயர்ப்பலகையைக் காணலாம். மேடையில் நின்றவர்களுக்குக் கிடைத்த புகழில் கம்பி இழுத்து, கம்பம் நட்டு, பேட்டரி சுமந்தவர்களுக்கும் பங்கு உண்டு.

1942 ஆகஸ்ட் 8 அன்று பம்பாய் கோவாலியா குளம் மைதானத்தில் காந்தியின் ‘வெள்ளையனே வெளியேறு’ உரை ஒலித்ததும் சிகாகோ ரேடியோ நிறுவனத்தின் கருவிகள் வழியாகத்தான். அதே ஆண்டு, உஷா மேத்தா முதலியோர் நடத்திய ரகசிய காங்கிரஸ் வானொலிக்குக் கருவி கொடுத்து உதவியதாக நானக் மோட்வானே கைதானார்; வழக்கின் முடிவில் விடுதலை பெற்றார்.