அடுக்குத் தாள் ரோஜா

கையால் செய்யும் வாழ்த்து அட்டையில் எழும்பி நிற்கும் தாள் ரோஜாவின் அழகு, எந்த அடுக்கு எவ்வளவு வெளியே தெரிய வேண்டும் என்று வரைபவர் முன்கூட்டியே தீர்மானிப்பதில் அமைகிறது. அதன் அடியில் இருப்பது, உருவத்தின் வெளிக்கோட்டைச் சுற்றிலும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் விரித்து வரையப்படும் நிழலடுக்கு. இதை அடர்நிறத் தாளில் வெட்டினால் மேலுள்ள இதழ்கள் தனித்துத் துலங்கும்.

கணினி வரைபடத்தின்படி இயங்கும் வெட்டும் இயந்திரத்தில், பசைப்பூச்சுள்ள விரிப்பில் ஒட்டிய தாளை உருளைகள் முன்னும் பின்னும் நகர்த்த, கத்தி குறுக்கே ஓடுகிறது. கத்தியின் முனை அதன் சுழல் அச்சிலிருந்து இம்மியளவு விலகியிருப்பதால், அலுவலக நாற்காலியின் உருள்சக்கரம் போல, செல்லும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்கிறது. வளைகோடுகள் வழுவழுப்பாக வருவதும், கூரிய மூலைகளில் கத்தி திரும்பும்போது சில வேளை தாள் பிசிறடிப்பதும் இந்த அமைப்பினால்தான். ரோஜா இதற்கு இணக்கமான உருவம். நட்சத்திரம் அவ்வளவு இணக்கமானதன்று.

வெட்டிய தாளை விரிப்பிலிருந்து பிய்த்தெடுத்தால் அது சுருண்டுவிடும் என்பதால், விரிப்பைக் கவிழ்த்துப் போட்டு அதையே வளைத்து உரிக்கிறார்கள். அடுக்குகளுக்கிடையே வைக்கும் நுரை ஒட்டுத்துண்டுகள் உண்மையான நிழலைத் தருகின்றன. ஆனால் எல்லா அடுக்குக்கும் அவற்றை வைத்தால் அட்டை உறைக்குள் அடங்காது.