ஒளிப்படத்தின் தரமும் உழைப்பின் பெறுமதியும்

கொழும்பு கொச்சிக்கடையிலும் அதையடுத்த கொட்டாஞ்சேனையிலும் திருமணம், முதல்நன்மை, பூப்புனித நீராட்டு முதலியவற்றைப் படம்பிடிக்கும் தொழில் தரங்குன்றிவிட்டது என்ற குறையை இன்று கேட்கிறோம். டிஜிற்றல் கமராவே இதற்குக் காரணம் என்பர். கருவியைக் குற்றவாளியாக்கும் இம்முடிபு பிரச்சினையின் மேற்பரப்பையே தொடுகிறது.

படச்சுருட் காலத்துச் செம்மை எவ்வாறு உருவாயிற்று? 120 அளவுச் சுருளொன்றில் 6 சதமமீற்றர்ச் சதுரப் படங்கள் 12 மட்டுமே எடுக்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் செலவிருந்தமையால் ஒளியை அளப்பதும் முகம் இசையும்வரை காத்திருப்பதும் தொழிலொழுக்கமாயின. படமெடுத்தல், இருட்டறையில் கழுவி அச்சிடுதல், நெகட்டிவைப் பென்சிலால் திருத்துதல் என ஸ்ரூடியோவின் உழைப்புப் பகுக்கப்பட்டிருந்தது. ஒருவர் விட்ட பிழையை மற்றவர் கண்டார். பயிலுநரும் அவ்விடத்திலேயே தொழில் கற்றார்.

டிஜிற்றல் முறை இவ்வேலைகளை ஒழித்துவிடவில்லை; பெரும்பாலும் அவற்றை ஒருவர் தலையிலேயே ஏற்றியது. ஒரு திருமணத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் எடுக்கப்படுகின்றன. அவற்றைத் தெரிந்து திருத்தும் இரவுகளுக்குத் தனிக் கூலியில்லை. சந்தையில் விலைபேசப்படுவது படங்களின் தொகையேயாகும். ஆகவே, தெரிவுசெய்யும் கண்ணின் இடத்தை, எல்லா முகங்களையும் ஒரே சாயலில் வெளுப்பாக்கும் மென்பொருள் பிடித்துக்கொள்கிறது. தரவீழ்ச்சி எனப்படுவது அடிப்படையில் உழைப்பின் விலைவீழ்ச்சியேயாகும்.

எனினும், பழமையைப் பொற்காலமாக்குதல் தகாது. கறுத்த முகத்தை வெளுப்பாக்கப் பென்சிலும் பயன்பட்டதுண்டு. லயனல் வென்டை (1900–1944) அளவுகோலாகக் கொள்வதும் பொருந்தாது. அவரது பரிசோதனைகள் உயர்ந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் சட்டம் பயின்ற, வசதிபடைத்த அவர் வயிற்றுப்பாட்டுக்காகப் படமெடுத்தவரல்லர். சந்தையிலிருந்து அவர் பெற்றிருந்த விடுதலை கூலிக்குப் படமெடுப்பவருக்கு இல்லை.

அவ்வாறாயின் தரத்தை எதனால் அளப்பது? படத்தின் சமூகப் பயனாலேயே அளத்தல் வேண்டும். 1983 ஜூலையில் கொழும்புத் தமிழர் வீடுகள் எரிக்கப்பட்டபோது குடும்பப் படங்களும் சாம்பலாயின. வேறூரில் உறவினரிடம் பிரதி இருந்தோருக்கே பெற்றோர் முகம் எஞ்சியது. 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயக் குண்டுவெடிப்பில் உறவுகளை இழந்த குடும்பங்களும் படங்களைக் கொண்டே அவர்களை நினைவுகூருகின்றன. இத்தகைய சமூகத்தில் நல்ல படம் என்பது ஆளை அவராகவே காட்டித் தலைமுறை கடந்து நிலைப்பதாகும். தெரியப்படாமலும் அச்சிடப்படாமலும் கிடக்கும் ஆயிரம் படங்கள் ஒரு வன்தட்டுப் பழுதில் மறைந்துபோகக்கூடியவை. தெரிவுக்கும் அச்சுக்கும் உரிய கூலியைப் படப்பிடிப்பாளர் ஒன்றுபட்டுக் கோருவதே தரம்பற்றிய விவாதத்தின் தொடக்கமாதல் வேண்டும்.